இங்க குடு, நான் வெட்டுறேன்

இடது கையில் தங்க நிறத் தாள், வலது கையில் கத்திரிக்கோல், உதடுகளுக்கு நடுவில் இரண்டு குண்டூசி, கட்டை விரலில் காய்ந்துபோன மாவுப் பசை. இந்தக் கோலத்தில் வயது வந்த ஒருவரை எங்காவது கண்டால், பக்கத்து நாற்காலியை ஒருமுறை பாருங்கள். அதில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அதன் கைகள் மடியில் இருக்கும். தாள் அந்தக் குழந்தையுடையது. கத்திரிக்கோலும் அதனுடையதுதான். பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய வேலையும் அதற்குத்தான். கை மட்டும் பெரியவருடையது. இந்தப் பெரியவர் ஒரு தனி இனம். ‘இங்க குடு’ இனம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தக் குண்டூசிகள் என் வாயில் இருந்தன. ஆகவே மரத்தின் மேல் ஏறி நின்று தூரத்துக் குரங்குகளை வர்ணிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்குள் இருந்துதான் எழுதுகிறேன்.

இந்த இனத்தை ஆண்டு முழுவதும் அடையாளம் காண முடியாது. பேருந்தில் ஏறும், வெங்காயம் பொறுக்கும், சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போய் ஒழுங்காக அழும். பண்டிகை நெருங்கி, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்ததும்தான் விழித்துக்கொள்ளும். நோன்புக்கு முந்தைய வாரம் எங்கள் ஷுப்ராப் பேட்டையில் இதற்கு உச்சப் பருவம். தெருப் பிள்ளைகள் போன வருஷத்து நோட்டுகளை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, மாவுப் பசை தடவி, கயிற்றில் மடித்து ஒட்டி, இந்த பால்கனியிலிருந்து அந்த பால்கனிக்குத் தோரணம் கட்டுவார்கள். கீழே நாலு பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். பின்னால் கட்டிய அந்தக் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிஷத்தில் அவர்களில் ஒருவர் ஏணி மேல் இருப்பார். கால் மணியில் நால்வரும் மேலே இருப்பார்கள், பிள்ளைகள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இவர்கள் பேசும் வாக்கியங்கள் மொத்தம் ஆறு. வரிசை மாறாது. “நீயே செய், நான் சும்மா பாக்கறேன்” என்பது முதலாவது. “அப்படி இல்ல, கொஞ்சம் சாய்ச்சுப் புடி” இரண்டாவது. “இங்க குடு, ஒரே ஒரு தடவ காட்டறேன்” மூன்றாவது. ஒரே ஒரு தடவை என்றால் இவர்கள் கணக்கில் வேலை முடிகிறவரைக்கும் என்று அர்த்தம். “நீ இதப் புடிச்சுக்க” நாலாவது. அந்த இடத்தில் குழந்தைக்கு உத்தியோகம் மாறிவிடுகிறது. “போய்த் தண்ணி கொண்டா” ஐந்தாவது. எல்லாம் முடிந்தபிறகு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா, எவ்வளவு சுலபம்” என்பது ஆறாவது.

இந்த ஆறு வாக்கியங்களின் பலனைக் காண வேண்டுமானால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து மாணவர் கைவேலைக் கண்காட்சிக்குப் போங்கள். ஏழு வயதுக் குழந்தை செய்த பள்ளிவாசலில் மினாரா சுற்றும். ஆறு வயதுக் குழந்தை செய்த நீரூற்றில் தண்ணீர் பீச்சும். பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொள்வார்கள். “உங்க பொண்ணு பத்த வெச்ச கம்பி எவ்வளவு சுத்தமா இருக்கு, எந்தக் கடையில ஈயம் வாங்கினா?” என்று ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். குழந்தைகள் எங்கே என்கிறீர்களா? வெளியே மைதானத்தில், ஒரு தகர டப்பாவை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தன. அந்த டப்பாவையாவது அவர்களே கண்டெடுத்தார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் இன்சாஃப். முப்பத்து நாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதில் கடைசிப் பதினோரு வருஷம் வார்டுக்குத் தலைமை. தெருவில் இன்றும் ‘ஹக்கீமா’, அதாவது வைத்தியம் பார்க்கிறவள், என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊசி போடவும், காய்ச்சல் பார்க்கவும், மாமியாரைப் பற்றிப் புகார் சொல்லவும் என் கதவைத் தட்டுகிறார்கள். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. நோயாளியால் முடிவதை நீ செய்யாதே. சட்டைப் பொத்தானை அவர் போட அரை மணி ஆகிறதா, அரை மணி நில். நீ போட்டுவிட்டால் அவருக்கு நல்லது செய்ததாக நினைக்காதே, உன் அவசரத்துக்குச் சேவகம் செய்திருக்கிறாய். இந்தப் பாடத்தை மறந்து ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிவிட்ட பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டி அழ வைத்திருக்கிறேன். நல்ல பெண். இப்போது எங்கே இருக்கிறாளோ, இதைப் படித்தால் சிரிக்கட்டும்.

எதிர் வீட்டு நெர்மீன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் ஐந்து மணிக்கு வரும்வரை மகள் ரீத்தாஜ் என் வீட்டில் இருப்பாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். போன வருஷம் நோன்புக்குப் பத்து நாள் முன்னால் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு கத்திரிக்கோல் பிடிக்க முடியாது. வகுப்பில் எல்லாரும் காகிதத்தில் நோன்பு விளக்கு செய்து பள்ளி முற்றத்துக் கயிற்றில் கட்டியபோது, நெர்மீன் பாவப்பட்டுக் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். பளபளவென்று பிளாஸ்டிக் விளக்கு, அமுக்கினால் பாடும். “அது கடையில வாங்கினது” என்று ஜோவானா என்ற வகுப்புத் தோழி சொல்லிவிட்டாள். உண்மைதானே? அதனால்தான் ஒரு வருஷம் உறுத்தியது.

கட்டுப் பிரித்தபிறகு அந்த விரல்களை வேலைக்குக் கொண்டுவந்தவள் நான்தான். மாவு பிசைய வைத்தேன், எலுமிச்சை பிழிய வைத்தேன், ஈரத் துணியை முறுக்க வைத்தேன். வலிக்கிறது என்று அழுதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதத்தில் கை பழைய கை ஆயிற்று.

போன வாரம் அவள் தங்கத் தாளோடு வந்து நின்றாள்.

“பெரியம்மா, நாளைக்குக் கயித்துல கட்டணும். இந்த வருஷம் நானே செய்யப் போறேன்.”

“செய். யாரு வேணாங்கறா?”

“நீங்க தொடக்கூடாது.”

“எனக்கென்ன வேலை இல்லையா? மொச்சை உரிக்கணும்.”

“ஜோவானா பாத்ததும் என் கையால செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியணும். மிஸ் ஆளுக்கு ஒரு தாள்தான் குடுத்தாங்க, ஒண்ணுதான் இருக்கு. அதனால மெதுவா செய்வேன். அவசரப்படுத்தக்கூடாது.”

“நான் எதுக்கு அவசரப்படுத்தறேன்?”

மேஜையின் இந்தப் பக்கம் நானும் மொச்சையும், அந்தப் பக்கம் அவளும் தாளும். காகித விளக்கு செய்வது உங்களுக்கும் தெரியும். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து வரிசையாக வெட்டி, எதிர் ஓரத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தி, பிரித்து, உருட்டி, ஓரம் ஒட்டினால் கீற்றுகள் வெளியே புடைத்துக்கொண்டு விளக்கு ஆகிவிடும். குழந்தைக்கே வரும். குழந்தைக்காகவே கண்டுபிடித்தது.

பதினோரு நிமிஷம் தாக்குப் பிடித்தேன். சுவர்க் கடிகாரம் சாட்சி.

அவள் தாளை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை, அரை விரல் தள்ளி நின்றது. நான் ஒரு மொச்சையை உரித்தேன். அவள் மடிப்பை நகத்தால் தேய்த்தாள், நடுவில் சுருங்கியது. நான் உரித்த மொச்சையைத் தொலியோடு கிண்ணத்தில் போட்டேன், தொலியைத் தனியே பொறுக்கினேன். அவள் நாக்கை வெளியே நீட்டியபடி பென்சிலால் கோடு போட்டாள். ஒரு கோடு மெலிவு, ஒரு கோடு பருமன், ஒன்று கல்யாணத்துக்குப் போகும் வண்டி மாதிரி வழியில் எங்கோ திரும்பியது.

“ஸ்கேல் வேணுமா?”

“வேணாம்.”

“சும்மா பக்கத்துல வைக்கறேன். தொடவேண்டாம்.”

அவள் கத்திரிக்கோலை எடுத்து மடிப்பின் மேல் வைத்தாள். கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும், இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் தானே அடங்கும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

“இங்க குடு. ஒரே ஒரு வெட்டு. காட்டிட்டுத் தந்துடறேன்.”

கொடுத்துவிட்டாள். எங்கள் இனத்தைச் சுற்றி வளரும் குழந்தைகள் கொடுத்துவிடும். நான் தாளைத் திருப்பினேன், ஓரம் தட்டி நேராக்கினேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், பாண்டேஜ் வெட்டும் என் பழைய கத்திரிக்கோலை உள்ளேயிருந்து எடுத்துவந்து, ஒரே அளவில், ஒரே ஆழத்தில், இருபத்து நாலு வெட்டு வெட்டினேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். பிரித்தேன்.

விளக்கு இல்லை. நடுவில் ஒரு முதுகெலும்பு, இரண்டு பக்கமும் தொங்கும் குஞ்சம். சாப்பிட்டு முடித்த மீன் மாதிரி இருந்தது. மடிப்புப் பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கத்தில் வெட்டியிருக்கிறேன்.

“மடிச்ச பக்கத்துலதான் வெட்டணும் பெரியம்மா,” என்றாள் ரீத்தாஜ் மெதுவாக. “நான் அங்கதான் வெச்சிருந்தேன்.”

“தாள் சரியில்ல,” என்றேன்.

முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நோயாளியிடமும் பொய் சொன்னதில்லை.

அவள் அழவில்லை. குஞ்சத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். “இன்னொரு தாள் கிடையாது,” என்று மட்டும் சொன்னாள். இந்த இடத்தில் யோக்கியமான எந்த மனுஷியும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாள் வாங்கக் கடைக்கு ஓடியிருப்பாள். எங்கள் இனம் மன்னிப்புக் கேட்காது. கெடுத்ததைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்து காட்டும்.

“கவலைப்படாத. நாம இதவிடப் பெரிசாப் பண்ணலாம்.”

அந்த ‘நாம’வைக் கவனியுங்கள். அதற்குள் அவள் இல்லை.

தேயிலைப் பெட்டியைக் கிழித்தேன். ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிறை, ஒரு நட்சத்திரம். மிட்டாய் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த சிவப்பு, பச்சைக் கண்ணாடித் தாள்களை எடுத்தேன். மூலைகளுக்குப் பிளாஸ்திரி. அப்போதுதான் கம்பி வேண்டியிருந்தது. ரீத்தாஜை பால்கனிக்கு அனுப்பிக் கூடையைக் கயிற்றில் கீழே இறக்கச் சொன்னேன். கீழே இஸ்திரிக்கடை ஷவ்கி இருக்கிறான். கூடையில் கம்பி வரும் என்று பார்த்தால், படி ஏறி ஷவ்கியே வந்தான். அவனும் எங்கள் ஆள்தான்.

“என்ன ஹக்கீமா, எலும்பு வெச்சுக் கட்டறீங்களா?”

“கம்பி கேட்டா கம்பிய அனுப்பு. உன்னை யாரு கூப்பிட்டா?”

“ஆறு மூலைக்குப் பிளாஸ்திரி தாங்காது. சாயும். இங்க குடுங்க.”

“நீ சட்டையத் தேய்க்கற கை. இது நுணுக்கமான வேலை.”

“நீங்க ஊசி போட்டா ரெண்டு நாள் உட்கார முடியாது. நுணுக்கத்தப் பத்தி என்கிட்ட பேசாதீங்க.”

கத்திரிக்கோல் என்னிடம், கம்பி அவனிடம். இருவரும் மேஜையின் மேல் குனிந்தோம். இரண்டு பெரிய தலைகளுக்கு நடுவில் மூன்றாவது தலைக்கு இடம் இல்லை.

“நான் ஒரு பக்கம் ஒட்டட்டுமா?” என்று தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“கடைசில ஒட்டலாம் கண்ணு. இப்ப இதப் புடிச்சுக்க.”

பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

“இதுக்குள்ள பல்பு வைக்கணும் ஹக்கீமா. இருட்டா இருந்தா அது விளக்கா?”

“பேட்டரிக்கு எங்க போறது?”

“என் ரேடியோவுல இருக்கு.”

ரேடியோவைப் பிரிக்க அவன் கீழே ஓடி மேலே வந்தான். கூடவே ஒரு கருகல் வாசமும் வந்தது.

“ஷவ்கி, ஏதோ எரியுது.”

“பேங்க்ல வேலை பாக்கறாரே, அவர் சட்டை. அவருக்கு நிறைய சட்டை இருக்கு. நீங்க அந்த நட்சத்திரத்த நேராப் புடிங்க.”

நாலே முக்காலுக்கு விளக்கு நின்றது. முழங்கை உயரம், ஆறு பக்கம், உள்ளே சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம். ஒட்டுவதற்கு ஒரு பக்கமும் மிச்சம் இல்லை. ரீத்தாஜ் பசைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா,” என்றேன், “எவ்வளவு சுலபம்.”

நெர்மீன் வந்தாள், வாயைப் பிளந்தாள், நாலு பக்கமும் நின்று படம் எடுத்தாள்.

“இத நீயா பண்ணின?” என்று மகளைக் கேட்டாள்.

“நான் புடிச்சுக்கிட்டேன்,” என்றாள் ரீத்தாஜ்.

“அவ இல்லாம நடந்திருக்காது,” என்றேன் நான், பெருந்தன்மையாக. வார்டில் நாங்கள் கொஞ்ச நேரம் கண் அயர்ந்தபோது மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்புக் கம்பத்தைப் பற்றியும் இப்படித்தான் சொல்வோம்.

தாயும் மகளும் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ரீத்தாஜ் மட்டும் திரும்பி வந்தாள்.

“பெரியம்மா, அந்தக் குஞ்சத்த எடுத்துக்கட்டுமா?”

“அது குப்பைடி.”

“பரவால்ல. பசையும் கொஞ்சம் வேணும்.”

கொடுத்தேன். ஒரு கேள்வியும் எழவில்லை எனக்கு. நாளைக்கு முற்றத்துக் கயிற்றில் மற்ற விளக்குகளுக்கு நடுவே என் விளக்கு எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மொச்சையை வேக வைத்தேன். உப்புப் போட மறந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ரொட்டி வாங்கக் கதவைத் திறந்தேன். கைப்பிடியில் ஏதோ கனமாகத் தொங்கிற்று. ஆறு பக்க விளக்கு. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் அதில் ஒட்டியிருந்தது, தலைகீழாக. கழுத்தைச் சாய்த்துப் படித்தேன்.

‘செய்தவர்: ஹக்கீமா இன்சாஃப். கம்பியும் பல்பும்: ஷவ்கி மாமா. பிடித்துக்கொண்டவர்: ரீத்தாஜ். மூணாம் வகுப்புக் கயித்துல பெரியவங்க விளக்கச் சேக்க மாட்டாங்க. கோவிச்சுக்காதீங்க.’

எதிர்க் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் ரீத்தாஜ், இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு முன்னால் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். என் மீன் முள். அதன் முதுகெலும்பை வளைத்து ஒட்டியிருந்தாள். அட்டையில் இரண்டு வளையம் செய்து, மேல் குஞ்சங்களின் நுனியை ஒரு வளையத்திலும் கீழ் குஞ்சங்களின் நுனியை இன்னொன்றிலும் ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டியிருந்தாள். இடுப்பில் பெல்ட் கட்டிய குண்டுப் பெண் மாதிரி, மேலேயும் புடைத்துக் கீழேயும் புடைத்து, ஒரு விளக்கு. இடது பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பிடி வலது பக்கம் சாய்ந்திருந்தது. மேல் வளையத்தில் ஒரு கீற்று ஒட்டாமல் காதோர முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“பெரியம்மா. கை.”

“கை என்ன பண்ணுச்சு?”

“வருது.”

பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது, அந்த ஒட்டாத கீற்றை நோக்கி. இன்னொரு கையால் அதைப் பிடித்து அங்கிப் பைக்குள் போட்டேன். பிறகு இன்னொரு கையையும் நம்பாமல் மற்றொரு பைக்குள் போட்டேன்.

“ராத்திரி என்னை ரூம் கதவுக்கு வெளில நிக்க வெச்சுட்டா ஹக்கீமா,” என்றாள் நெர்மீன், மகளுக்குப் பின்னால் புத்தகப் பையோடு. “ரெண்டு மணி நேரம். சாவித் துவாரம் வழியா பாத்தேன். அந்த வளையத்துக்கு முதல்ல ஒரு ஊசி குத்தியிருந்தா…” சொல்லிக்கொண்டே விரல்களைப் பிசைந்தாள்.

ரீத்தாஜ் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். இஸ்திரிக்கடை வாசலில் ஜோவானா காத்திருந்தாள்.

“கடையில வாங்கினதா?”

“பாரு.”

ஜோவானா சுற்றி வந்து பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். “இல்ல,” என்றாள். “கோணலா இருக்கு.”

ரீத்தாஜ் நிமிர்ந்து நடந்தாள். கோணல் என்ற சொல்லைச் சான்றிதழ் மாதிரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ஷவ்கி கடைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, “பாப்பா, அந்தக் கைப்பிடி…” என்று ஆரம்பித்தான். மேலிருந்து ஒரு மொச்சைத் தொலியை அவன் தலையில் போட்டேன். அடங்கினான்.

ஆறு பக்க விளக்கை என் பால்கனியிலேயே கட்டினேன். சீட்டையும் எடுக்கவில்லை. செய்தவர் பெயர் சரியாகத்தானே எழுதியிருக்கிறது?

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் கீற்றுகளை வளையத்தில் பசையால் ஒட்டினாள் என்று நான் சொன்னேனே, அப்போது, ‘பசை எதற்கு, ஸ்டேப்லர் அடித்திருந்தால் இன்னும் உறுதியாக இருந்திருக்குமே’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், நாளைக் காலையில் கதவைத் திறக்கும்போது வெளிக் கைப்பிடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.